98 நாள் வேலை: தொடக்கப்பள்ளியில் இடம் தேடிய ஓர் ஆண் ஆசிரியரின் அனுபவம்

மக்தாப்பில், அதாவது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், என்னோடு படித்த நண்பர் ஒருவர் சென்ற மாதம் போன் செய்தார். "அரசாங்க வேலையை விட்டுட்டு தனியார் பள்ளிக்குப் போகலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2021இல் என்னோடு இப்படி உட்கார்ந்து பேச ஓர் ஆள் இல்லையே என்ற எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அவருக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். தொடக்கப்பள்ளியில் பல ஆண்டு பாடம் நடத்திவிட்டு, நாற்பது வயதையொட்டி வேறு இடம் தேடும் ஆண் ஆசிரியர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

நான் 2005 ஜனவரியில் மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வேலையைத் தொடங்கினேன். பட்டயத்தோடு டிஜிஏ29 சம்பள நிலையில் சேர்ந்து, பிறகு வார இறுதிகளில் படித்துப் பட்டம் வாங்கி, பட்டதாரி ஆசிரியருக்கான டிஜி41க்கு வந்தேன். சிலாங்கூருக்கு மாற்றலாகி, செந்தூலில் வீடு எடுத்துக் குடியேறினோம். கணிதம், அறிவியல், அதோடு பந்து விளையாட்டுக் குழு. காலை ஆறேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கினால் மாலை நான்குக்குத் திரும்புவேன். 2021 கடைசியில் கோலாலம்பூரில் ஒரு தனியார் பள்ளியின் தொடக்கப்பிரிவில் 6,300 ரிங்கிட் சம்பளத்துக்கு அழைத்தார்கள். நான் வாங்கிக்கொண்டிருந்ததைவிட 900 ரிங்கிட் அதிகம். அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்த நேரம் அது. அந்த 900 எனக்குப் பெரிய தொகையாகத் தெரிந்தது. டிசம்பரில் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டேன். அப்போது எனக்கு வயது 38.

என் வாழ்க்கையிலேயே மிக விலை உயர்ந்த கடிதம் அதுதான். 1991 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் அரசு ஊழியர், 40 வயது நிறைந்து குறைந்தது பத்தாண்டுச் சேவையும் இருந்தால் விருப்ப ஓய்வு கேட்கலாம். ஓய்வூதியம் உடனே கைக்கு வராது, பிற்காலத்தில்தான் வரும். ஆனாலும் அந்த உரிமை கையில் இருக்கும். ராஜினாமா செய்தால் அது இல்லை. நான் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவன். பதினேழு ஆண்டுச் சேவைக்கான ஓய்வூதியமும் பணிக்கொடையும் ஒரே கையெழுத்தில் போயின. இன்னும் ஒன்றரை ஆண்டு பொறுத்திருந்தால் நாற்பது. இதை எனக்கு யாரும் மறைக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை. அரசாங்க வேலையை விடப்போகிறவர்கள் கடிதம் எழுதுவதற்கு முன்னால் சேவைப் பதிவேட்டை எடுத்துவைத்து, மாவட்டக் கல்வி இலாகாவில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேளுங்கள். விடுமுறை எடுத்தாவது கேளுங்கள்.

தனியார் பள்ளியில் முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாகவே போயின. 2024 மே மாதம் எச்.ஆர். பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, ஜூலையில் முடியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். அன்று மத்தியானம் நான்காம் ஆண்டு வகுப்பில் பின்னம் நடத்த வேண்டியிருந்தது. நடத்தினேன். பிள்ளைகளுக்கு எதுவும் தெரியவில்லை. காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கை நடுங்கியது.

வேலை போனால் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதித் திட்டம் இருக்கிறதே, முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்குமே என்று நம்பியிருந்தேன். மாதாமாதம் அதற்குச் சந்தா பிடித்திருந்தார்கள். முகப்பில் இருந்த பெண் என் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். ஆட்குறைப்பு போன்ற காரணங்களால் வேலை இழந்தவர்களுக்குத்தான் அந்த உதவி. ஒப்பந்தக் காலம் தானாக முடிந்தால் கிடையாது, தானே விலகினாலும் கிடையாது. தனியார் பள்ளி வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலை. அதனால் இதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தம் நடுவில் இருக்கும்போதே உங்களை ஆட்குறைப்பு என்று அனுப்பினால் கதை வேறு. அப்போது 60 நாளுக்குள் மனு செய்ய வேண்டும். "நீங்களே ராஜினாமா கடிதம் கொடுத்துடுங்க, உங்க பேருக்கு நல்லது" என்று யாராவது சொன்னால் உடனே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஒரு தாள் ஆறு மாத உதவித்தொகையை இல்லாமல் ஆக்கிவிடும்.

அப்புறம் தேடல் ஆரம்பித்தது. நான் செய்த முதல் தவறு காலத்தைக் கணிக்காதது. அனைத்துலகப் பாடத்திட்டப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய ஆண்டு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கும். அதற்கான ஆட்களை ஆண்டின் முதல் மாதங்களிலேயே பார்த்து முடித்துவிடுகிறார்கள். நான் மே மாதம் செய்தி கேட்டு, ஜூன் முழுக்கத் திகைத்துப்போய் உட்கார்ந்து, ஜூலையில் விண்ணப்பிக்கத் தொடங்கினேன். அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது. இரண்டாவது தவறு, 'எதிர்பார்க்கும் சம்பளம்' என்ற கட்டத்தில் 6,500 என்று போட்டது. பத்தொன்பது ஆண்டு அனுபவம் எனக்குப் பெருமை. சம்பளப் பட்டியல் போடுகிறவருக்கு அது செலவு. புதிதாகப் பட்டம் வாங்கிய ஒருவரை அதில் பாதிச் சம்பளத்துக்கு எடுக்கலாம் என்றால் அவர் அதைத்தான் பார்ப்பார். மூன்று மாதம் கழித்து அந்தக் கட்டத்தில் 'பேசிக்கொள்ளலாம்' என்று மாற்றினேன். நான் போன பயிற்சிப் பட்டறை ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு நான்கு பக்கத்துக்கு நீண்டிருந்த சுயவிவரத்தையும் ஒன்றரைப் பக்கமாக வெட்டினேன். அதற்குப் பிறகுதான் போன் வர ஆரம்பித்தது. மொத்தம் 64 விண்ணப்பம், ஆறு நேர்முகம்.

மூன்றாவது தவறு பினாங்கு வரை இழுத்துக்கொண்டு போனது. பட்டர்வொர்த்தில் இருக்கும் என் மைத்துனர் ஒரு விளம்பரத்தை அனுப்பினார். ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் பள்ளி, தொடக்கப்பிரிவு, கணித ஆசிரியர் தேவை. எழுதிப் போட்டேன், உடனே நேர்முகத்துக்கு வரச்சொன்னார்கள். கோலாலம்பூர் சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறி, ராத்திரி மைத்துனர் வீட்டில் படுத்து, காலையில் பெர்ரிப் படகில் கடல் கடந்து போனேன். பிள்ளைகளுக்குக் காட்ட வைத்திருந்த அட்டைகளை மடங்காமல் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. உள்ளே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "சார், இது முதலாம், இரண்டாம் ஆண்டு வகுப்பு. எங்களுக்கு ஆசிரியைதான் வேணும்" என்றார் அங்கிருந்தவர். என் பெயரைப் பார்த்து அவர்கள் குழம்பிவிட்டார்களாம். பயணச் செலவு, மைத்துனர் பிள்ளைகளுக்கு வாங்கிய பொருள், சாப்பாடு என்று 310 ரிங்கிட். அதைவிடக் கஷ்டம் திரும்பும் பயணம்; ரயிலில் மனைவிக்கு என்ன செய்தி அனுப்புவது என்று தெரியாமல் ஈப்போ வரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அன்றிலிருந்து எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் முதலில் இரண்டு கேள்வி கேட்டேன். எந்த ஆண்டு வகுப்பு? ஆண் ஆசிரியரைப் பரிசீலிப்பீர்களா? கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் பதில் முப்பது வினாடியில் கிடைத்துவிடும்.

இந்த ஆண், பெண் விஷயத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். நம் நாட்டு ஆசிரியர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் பெண்கள். தொடக்கப்பள்ளிக்கு ஆண் ஆசிரியர்கள் வேண்டும், பையன்களுக்கு முன்மாதிரி வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். தனியார் பள்ளியில் நிலைமை வகுப்பைப் பொறுத்தது. நான்காம் ஆண்டுக்கு மேல் என்றால் ஆண் ஆசிரியரை வேண்டி எடுக்கிறார்கள். கணிதம், அறிவியல், உடற்கல்வி, புறப்பாடம் என்று நான்கு வேலையை ஒருவரே பார்ப்பார் என்பது அவர்கள் கணக்கு. மூன்றாம் ஆண்டுக்குக் கீழே என்றால் தயங்குகிறார்கள். செராஸில் ஒரு தலைமையாசிரியை மட்டும் என் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொன்னார். "ஐயா, உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போறது, உடை மாத்துறது எல்லாம் வரும். பெற்றோர் ஒரு கேள்வி கேட்டா நான் பதில் சொல்லணும்." அன்று எனக்கு அழுகை வந்தது. பத்தொன்பது ஆண்டு பிள்ளைகளோடு இருந்தவன் மேல் ஒரு நிழல் விழுந்ததுபோல் இருந்தது. பிறகு என் மகளை நினைத்துப் பார்த்தேன். அவள் ஏழு வயதில் பள்ளிக்குப் போன காலத்தில் நானும் இதே கேள்வியைக் கேட்டிருக்கக்கூடும். 2017இல் வந்த சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், ஆசிரியரை நம்பிக்கைக்குரிய உறவில் இருப்பவர் என்று எடுத்துக்கொண்டு, அவர் தவறு செய்தால் கூடுதல் தண்டனை என்கிறது. அந்தச் சட்டம் சரி என்றுதான் நான் நினைக்கிறேன். பயம் இருக்கும் இடத்தில் கோபப்படுவதால் பயம் போகாது. அதனால் அதற்குப் பிறகு போன நேர்முகங்களில் அவர்கள் கேட்பதற்கு முன்பே நானே பேசினேன். வகுப்பறைக் கதவு திறந்தே இருக்கும், ஒரு பிள்ளையோடு தனியாக அறையில் இருக்க மாட்டேன், கழிப்பறைக்குத் துணை ஆசிரியையோ இரண்டு தோழர்களோ கூடப் போவார்கள், பெற்றோருக்கு அனுப்பும் செய்தி குழுவில்தான் போகும், தனியாகப் போகாது. என்ன சோதனை, என்ன பதிவேடு பார்த்தாலும் ஒப்புதல் தருகிறேன் என்றும் சொல்லிவிடுவேன். இதைச் சொன்ன பிறகு எதிரில் இருப்பவரின் தோள் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஒரு மாதிரிப் பாடத்தைச் சொல்ல வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பள்ளி, இரண்டாம் ஆண்டு, இருபது நிமிடம். மஞ்சள் மணிலா அட்டையில் வட்டமாக வெட்டிய ரொட்டி சானாயைக் கொண்டுபோய், இரண்டு பேருக்கு, நான்கு பேருக்கு என்று பிள்ளைகளையே மடித்துக் கிழிக்கச் சொன்னேன். ஒரு பையன் கால் துண்டை வாய்க்குக் கொண்டுபோனான், வகுப்பே சிரித்தது. நடுவில் முன் வரிசைப் பெண் குழந்தை ஒன்று எழுந்து வந்து, அவிழ்ந்த சப்பாத்துக் கயிற்றோடு காலை என் முன்னால் நீட்டியது. பின்னால் மூன்று பேர் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பத்தொன்பது ஆண்டில் எத்தனை ஆயிரம் முறை கட்டியிருப்பேன். அன்று என் கை ஒரு கணம் நின்றுவிட்டது. பிறகு அந்தப் பிள்ளையை நாற்காலியில் உட்காரச் சொல்லி, நான் என் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மெதுவாகக் கட்டிக் காட்டினேன். பார்த்துப் பார்த்து அதுவே கட்டிக்கொண்டது, கொஞ்சம் தொளதொளவென்று. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கணம் தயங்கியது மட்டும் ரொம்ப நாள் வலித்தது.

அக்டோபர் வாக்கில் மனம் சோர்ந்திருந்த நேரத்தில் ஒரு முகவரிடம் மாட்டினேன். வளைகுடா நாட்டில் தொடக்கப்பள்ளி வேலை, மாதம் 11,000 ரிங்கிட், வீடு இலவசம் என்றார். சான்றிதழ் சரிபார்ப்புக்கும் பதிவுக்கும் என்று 2,800 ரிங்கிட் கட்டினேன். ரசீது தந்தார். இரண்டு வாரத்தில் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். போலீசில் புகார் கொடுத்தேன், பணம் இன்றுவரை திரும்பவில்லை. வேலைக்கு ஆள் அனுப்பும் தனியார் நிறுவனம் மனிதவளத் துறை உரிமம் வைத்திருக்க வேண்டும், நிறுவனத்தின் பெயரே 'அகென்சி பெக்கெர்ஜான்' (வேலைவாய்ப்பு முகவை) என்று தொடங்க வேண்டும் என்பதைப் புகார் கொடுக்கப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். ரசீதில் இருந்த பெயரில் அந்தச் சொல்லே இல்லை. வேலைக் கடிதம் கைக்கு வருவதற்கு முன் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டுக் கணக்கு இப்படி இருந்தது. ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை ஏழு மாதச் சம்பளம், 44,100 ரிங்கிட் இல்லை. சேமிப்பில் இருந்த 18,000 கரைந்தது. இபிஎப் என்ற ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் மூன்றாவது கணக்கு திறந்திருந்தார்கள். ஆகஸ்ட் இறுதிக்குள் விருப்பம் தெரிவித்தால் இரண்டாம் கணக்கில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு அதற்கு மாறும் என்றார்கள். மாற்றி 5,600 எடுத்தேன். அது என் கிழவயதுக்கான பணம் என்று தெரிந்துதான் எடுத்தேன். மனைவி கிளினிக்கில் எழுத்தர், அவள் சம்பளத்தில்தான் வீட்டுத் தவணை ஓடியது. மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து மாதம் 480 வந்தது. அதைப் பார்த்து ஒருநாள் மனைவி, "என்னங்க, இந்த நாலு பிள்ளைங்க வர்ற நேரத்துலதான் உங்க முகத்துல உயிர் இருக்கு" என்றாள். கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தேன். யாராவது எந்தப் பள்ளி என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அப்படி ஒளிந்துகொண்டதில்தான் நான் அதிகம் இழந்தேன் என்று இப்போது தெரிகிறது. வேலை இல்லை என்பதை முதல் மாதமே தெரிந்தவர்கள் பத்துப் பேரிடம் சொல்லியிருந்தால் ஏழு மாதம் ஆகியிருக்காது.

ஏன் சொல்கிறேன் என்றால், வேலை வந்ததே அப்படித்தான். 2025 பிப்ரவரி 11, தைப்பூசம். மனைவியின் வற்புறுத்தலால் செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறிப் பத்துமலை போனோம். தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் "சார்!" என்று ஒரு குரல். கெடாவில் என் முதல் ஆறாம் ஆண்டு வகுப்பில் படித்த பிள்ளை, இப்போது கையில் குழந்தையோடு நிற்கிறாள். "சார், இப்ப எந்த ஸ்கூல்?" என்றாள். அன்று பொய் சொல்ல முடியவில்லை. வேலை இல்லம்மா என்றேன். அவளும் ஒரு தனியார் பள்ளியில்தான் ஆசிரியை. "எங்க பள்ளியில மார்ச்ல ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போறாங்க சார், மூணு மாசத்துக்கு ஆள் தேடுறாங்க" என்றாள்.

என்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய வழி இதுதான். 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியிருக்கிறது. ஆசிரியைகள் நிறைந்த தொழில் இது. ஒரு பள்ளியில் ஆண்டுக்கு ஒருவராவது விடுப்பில் போவார். 98 நாள் என்பது ஏறக்குறைய ஒரு பருவம். அவ்வளவு நாள் வகுப்பைச் சும்மா விட முடியாது. அதற்காக நிரந்தர ஆளையும் எடுக்க முடியாது. இந்த இடங்கள் பெரும்பாலும் விளம்பரத்துக்கே வருவதில்லை, ஆசிரியர் அறையிலேயே பேசி முடிந்துவிடும். புதிதாகப் பட்டம் வாங்கியவர்கள் மூன்று மாத வேலைக்கு வரத் தயங்குவார்கள். முதல் நாளே வகுப்பைக் கையில் எடுக்கத் தெரிந்த அனுபவசாலிக்கு இங்கேதான் மதிப்பு. பள்ளிகளுக்கு எழுதும்போது "மாற்று ஆசிரியராகவும் வரத் தயார், ஒரு வாரத்தில் சேர முடியும்" என்று முதல் வரியிலேயே போடுங்கள். தனியார் பள்ளியில் பாடம் நடத்தக் கல்வி இலாகாவின் பெர்மிட் வேண்டும். சான்றிதழ் நகல், படம், மருத்துவப் பரிசோதனைத் தாள் எல்லாம் ஒரே கோப்பில் தயாராக வைத்திருங்கள். நான் வைத்திருந்தேன். நேர்முகம் முடிந்த அதே மத்தியானம் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச் 10ஆம் தேதி சேர்ந்தேன். சம்பளம் 3,600. வகுப்பு எது தெரியுமா? இரண்டாம் ஆண்டு. ஏழு மாதமாக எனக்குக் கிடைக்காத அதே வகுப்பு. வேறு ஆள் இல்லாததால் துணிந்து கொடுத்தார்கள். முதல் வாரம் பெற்றோர் இரண்டு பேர் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியை என்னிடம் மறைக்காமல் சொன்னார். வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று, வந்த பெற்றோர் எல்லாரிடமும் நானே போய்ப் பேசினேன். கதவு, கழிப்பறை, குழுச் செய்தி எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு தாய் மட்டும் எதுவும் பேசாமல் மகனைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் இரண்டு மாதம் தினமும் வகுப்பு வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவார். நான் ஒருநாளும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. மே மாதக் கடைசியில் ஒரு காலை அவர் வரவில்லை. பையன் தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "சார், அம்மா இன்னிக்கு வரலையாம், வேலைக்கு நேராப் போயிட்டாங்க" என்றான்.

ஜூன் நடுவில் அந்த ஆசிரியை குழந்தை பெற்றுத் திரும்பி வந்துவிட்டார். பள்ளி எனக்கு நான்காம் ஆண்டு கணிதமும் அறிவியலும் கொடுத்தது. சம்பளம் 4,200. பழைய 6,300 இல்லை. ஆனால் ஒப்பந்தத்தை இந்த முறை வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவியோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். முடியும் தேதி என்ன, புதுப்பிக்காவிட்டால் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும், நடுவில் அனுப்பினால் என்ன இழப்பீடு என்று மூன்றையும் கேட்டு, முன்னறிவிப்பை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக எழுத்தில் மாற்றச் சொன்னேன். மாற்றிக் கொடுத்தார்கள். முடியும் தேதிக்கு ஆறு மாதம் முந்தைய நாளைச் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறோம். அன்று எழுதப்போகும் விண்ணப்பத்தின் முதல் வரியையும் எழுதியாகிவிட்டது.